ஊர்வலத்துக்கு ஓர் அடையாளச் சொல்

நவராத்திரியை ஒட்டி ஆண்டுதோறும் தேவாரக்கட்டு சரஸ்வதி அம்மன் யானை மீதும், வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் பல்லக்கிலுமாக, பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் எழுந்தருளுவதை நம் வாசகர்கள் அறிவார்கள். 1956 நவம்பர் 1-இல் எல்லை பிரிந்தபோது கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஊர்வலம் மட்டும் நிற்கவில்லை. இன்றும் களியக்காவிளையில் எல்லை கடந்து, பாறசாலை வழியாக வந்து நெய்யாற்றின்கரையில் இரவு தங்குகிறது.

வாசலில் விளக்கேற்றி வரவேற்கும் வீடுகளின் பிள்ளைகள் இப்போது துபாயிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். ஊர்வலம் போன பிறகுதான் வாட்ஸ்ஆப்பில் அவர்களுக்குப் படம் வருகிறது. அந்தப் படமும் அந்தக் குழுவோடு சரி. அடுத்த ஆண்டு தேடினால் கிடைப்பதில்லை. இதற்கு ஹேஷ்டேக் உதவும்.

ஹேஷ்டேக் என்பது # குறியைத் தொடர்ந்து இடைவெளி இல்லாமல் எழுதும் ஒரு சொல். யார் எங்கிருந்து அதைப் போட்டு எழுதினாலும், அச்சொல்லைத் தொட்டால் எல்லாம் ஒரே இடத்தில் வரும். 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்ற அமெரிக்கர் ட்விட்டரில் (இன்றைய எக்ஸ்) இந்த யோசனையைச் சொன்னார். ஃபேஸ்புக் 2013-இல் ஏற்றுக்கொண்டது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் படகு கேட்டவரையும் சோறு கொடுத்தவரையும் சேர்த்து வைத்தது இதுதான். 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய ஜல்லிக்கட்டுக் கூட்டத்திலும் இதற்குப் பங்கு உண்டு.

நம் எல்லையோரத்தில் ஒரு தனிச் சிக்கல். இயந்திரத்துக்கு எழுத்துதான் தெரியும், பொருள் தெரியாது. ஒருவர் 'நவராத்திரி' என்றும் மற்றவர் 'நவராத்ரி' என்றும் எழுதினால் அவை இரண்டு வெவ்வேறு ஹேஷ்டேக்குகள். பக்கத்து வீட்டு மலையாளி நண்பர் மலையாள எழுத்தில் போட்டால் மூன்றாவது. பாறசாலையை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னாலோ, ஒரு 'எஸ்' போடுபவரும் உண்டு, இரண்டு போடுபவரும் உண்டு! ரயில்வேயில் இந்தத் தொல்லை கிடையாது. நிலையத்தின் பெயர்ப்பலகையில் எத்தனை மொழி இருந்தாலும் குறியீடு ஒன்றுதான். டிரிவாண்ட்ரம் திருவனந்தபுரமாக மாறிய பிறகும் 'டி.வி.சி.' மாறவில்லை.

ஆகவே ஊர்வலத்துக்கும் ஒரு குறியீட்டை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். வெறும் 'நவராத்திரி' என்றால் கொல்கத்தா, மைசூர், அகமதாபாத் படங்களுக்கிடையே நாம் காணாமல் போவோம். ஊர்ப் பெயர் வேண்டும். #களியக்காவிளைநவராத்திரி என்பது போல ஒன்றும், அதற்கு ஈடாக ஆங்கில எழுத்தில் ஒன்றும் போதும். ஆங்கில எழுத்தைச் சொல்லக் காரணம் உண்டு: மலையாளப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. வருத்தமான விஷயம்தான், ஆனால் அதற்காக அவர்களை விட்டுவிட முடியாது. கடைசியில் ஆண்டையும் சேர்த்துவிட்டால், சென்ற ஆண்டு அறிவிப்பைப் பார்த்து யாரும் தேதி தவறி வந்து நிற்க மாட்டார்கள். சொல்லுக்கு நடுவே கோடு, புள்ளி வேண்டாம்; அந்த இடத்திலேயே ஹேஷ்டேக் அறுந்துவிடும்.

அச்சிடும் நோட்டீஸிலும் பந்தல் பேனரிலும் அதே எழுத்தில் அது இருக்கட்டும். பதிவைப் 'பொது' என்று வைத்தால்தான் பிறர் கண்ணில் படும். ஹேஷ்டேக் படங்களைச் சேர்க்கும், ஆளை அழைக்காது. ஆதலால் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தச் சந்திப்பில் என்பதை முதல் பதிவிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். வெளியூர்ப் பிள்ளைகள் ரயில் டிக்கெட் எடுக்கவும் அவகாசம் வேண்டுமல்லவா?