விமானத்துறை வேலை: சம்பளத்தோடு கூட்டு ஒப்பந்தத்தையும் கேளுங்கள்

எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் விமானத்துறையில் சேர ஆசைப்படும் மாணவர்கள் பலர் என்னிடம் வழி கேட்கிறார்கள். சம்பளம் எவ்வளவு, எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், ஆங்கிலம் எந்த அளவுக்குத் தெரிய வேண்டும் என்றெல்லாம் விசாரிப்பார்கள். "அங்கே தொழிற்சங்கம் இருக்கிறதா? கூட்டு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது?" என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. விமான நிலையத்தில் பயணப் பெட்டிகளைக் கையாளும் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதையும் கட்டாயம் கேளுங்கள்.

விமான நிலையம் 24 மணி நேரமும் இயங்கும் இடம். காலை ஷிப்ட்டில் இருப்பவர் இரவு ஷிப்ட்டில் இருப்பவரை மாதக்கணக்கில் பார்க்காமலே இருக்கலாம். விமானப் பணிப்பெண் ஒருவர் இன்று சென்னையில் இருப்பார், நாளை மறுநாள் லண்டனில் இருப்பார். ஊழியர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் கூடவே முடியாது. இப்படிப்பட்ட வேலையிடத்தில் உண்மைச் செய்தியை முந்திக்கொண்டு வதந்தி ஓடும். அதனால்தான் உறுப்பினர்களுக்குச் சரியான தகவலை உரிய நேரத்தில் சேர்ப்பதைத் தொழிற்சங்கத்தின் முதல் கடமை என்கிறேன்.

எங்கள் பிரிவில் வருகை அட்டை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே சங்கத்தின் அறிவிப்புப் பலகை இருந்தது. சம்பளப் பேச்சுவார்த்தை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, பணி அட்டவணையில் என்ன மாற்றம் வருகிறது, காதடைப்பான் தராவிட்டால் யாரிடம் புகார் செய்வது என்பனவெல்லாம் அதில் ஒட்டப்படும். சுற்றறிக்கைகள் மலாய் மொழியில் இருக்கும். கிளைச் செயலாளராக இருந்த அண்ணன் ஷிப்ட் மாறும் நேரத்தில் 10 நிமிடம் நின்று, தமிழில் விளக்கிச் சொல்வார். "புரியலன்னா இப்பவே கேளு தம்பி. லெட்டர் கைக்கு வந்த பிறகு கேட்டா, நாள் ஓடிடும்" என்பார்.

60 நாள் கணக்கு

அவர் சொன்ன 'நாள்' என்பது வெறும் பேச்சன்று. நியாயமான காரணமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டதாகக் கருதும் ஊழியர், 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி முறையிடலாம். ஆனால், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் தொழிலியல் உறவுத் துறையிடம் மனு கொடுத்துவிட வேண்டும். என்னோடு வேலை செய்த நண்பர் ஒருவரை எங்கள் நிறுவனம் விசாரணை எதுவுமின்றி நீக்கியது. மேலாளர் மனம் மாறுவார் என்று அவர் வீட்டில் காத்திருந்தார். செயலாளர் அண்ணன் தேடிப்போய் அழைத்துவந்து மனுவைக் கொடுக்க வைத்தபோது 54 நாள்கள் கடந்திருந்தன. இன்னும் ஒரு வாரம் காத்திருந்தால் அவருடைய வழக்கு தொடங்கும் முன்பே முடிந்திருக்கும்.

வேலை இழந்தோருக்கான சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்துக்கும் இதே 60 நாள் கெடுதான். 2018-இல் தொடங்கிய இத்திட்டத்துக்குச் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பணம் பிடிக்கிறார்கள். ஆனாலும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாத இளைஞர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

ஆயிரக்கணக்கானோர் காத்திருந்த காலம்

2014-ஆம் ஆண்டை நம் நாட்டு விமான ஊழியர்கள் மறக்க மாட்டார்கள். மார்ச்சில் எம்.எச்.370, ஜூலையில் எம்.எச்.17. அந்தத் துயரம் ஆறுவதற்குள், ஆகஸ்டு 29-ஆம் தேதி மலேசிய ஏர்லைன்ஸ் மறுசீரமைப்புத் திட்டத்தைக் கசானா நேஷனல் அறிவித்தது. சுமார் 20,000 ஊழியர்களில் 6,000 பேர் குறைக்கப்படுவார்கள் என்பதே அதன் சாரம். புதிய நிறுவனம் 2015 செப்டம்பர் 1-ஆம் தேதி செயல்படத் தொடங்கியது. இடைப்பட்ட ஓராண்டு முழுவதும் "நான் அந்த 6,000 பேரில் ஒருவனா?" என்ற கேள்வியோடு எத்தனையோ குடும்பங்கள் படுத்தெழுந்தன. வீட்டுக் கடன் இருக்கும், பிள்ளைகளின் படிப்புச் செலவு இருக்கும். இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படும், புதிய நிறுவனம் அழைத்தால் பழைய சேவைக்காலம் என்னவாகும் என்ற கேள்விகளுக்குத் தெளிவான பதில் கிடைப்பது அந்த நேரத்தில் சோற்றைப் போல அவசியம்.

சங்கம் போட்ட கையெழுத்து

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1980-இல் மலேசிய விமான நிறுவனத்தில் பணிப்பெண்ணாகச் சேர்ந்த பியட்ரிஸ் பெர்னாண்டஸ், 1991-இல் கருவுற்றார். அவர் பிரிவைச் சேர்ந்த பணிப்பெண்கள் கருவுற்றால் பதவி விலக வேண்டும் என்பது விதி. அவர் மறுத்தார், நீக்கப்பட்டார். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு தரும் சமத்துவப் பாதுகாப்பு, தனிப்பட்ட தரப்புகளுக்கு இடையிலான ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது என்று 2005-இல் தீர்ப்பு வந்தது.

அந்த விதி எங்கே எழுதப்பட்டிருந்தது தெரியுமா? கூட்டு ஒப்பந்தத்தில். நிர்வாகமும் தொழிற்சங்கமும் சேர்ந்து கையெழுத்திடும் ஆவணம் அது. ஆக, சங்கம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது மட்டும் போதாது. தன் பெயரால் சங்கம் எதற்கு ஒப்புக்கொள்கிறது என்பதை உறுப்பினரும் கேட்க வேண்டும். பெண்கள் வாய் திறந்து பேசாத சங்கக் கூட்டத்தில் பெண்களின் பிரச்சினை கடைசி வரியாகத்தான் இருக்கும். கருவுற்ற காரணத்துக்காகப் பெண் ஊழியரை நீக்கக்கூடாது என்று இன்று வேலைச் சட்டமே சொல்கிறது. 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள திருத்தம் அது. பியட்ரிஸ் நீக்கப்பட்டு 30 ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகே அது வந்தது.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கூட்டு ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். தொழிலியல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம், அதன் வரம்புக்குள் வரும் ஊழியர்களில் சங்க உறுப்பினர் அல்லாதவர்களையும் கட்டுப்படுத்தும். குறைந்தது 3 ஆண்டுகளுக்கு நடப்பில் இருக்கும். வேலை நேரம், ஓய்வு, ஒழுங்கு நடவடிக்கை, ஆள்குறைப்பு ஆகிய நான்கு பகுதிகளையாவது படியுங்கள். புரியாத சொல்லுக்குக் கோடிட்டு, சங்கப் பொறுப்பாளரிடம் விளக்கம் கேளுங்கள். நிர்வாகம் தரும் எந்தக் கடிதத்திலும் தேதியைக் குறித்து, பிரதி எடுத்து வையுங்கள். புலனத்தில் வரும் செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன், அது சங்கத்தின் அதிகாரப்பூர்வச் சுற்றறிக்கைதானா என்று சரிபாருங்கள்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கும் போங்கள். எங்கள் கிளைக் கூட்டங்களில் பின்வரிசை நாற்காலிகள்தான் முதலில் நிரம்பும். நீங்கள் முன்வரிசையில் உட்காருங்கள். கையில் ஒப்பந்தப் பிரதி இருக்கட்டும். கேட்பதற்கு ஒரு கேள்வியும் இருக்கட்டும்.