செருகுநிரலும் பகுப்புக் கருவியும்

தமிழ்ப் பாடங்களைக் கணிப்பொறிவழி ஆராயப் புகுவார்க்குப் பயன்படும் கருவிகளுள் ஒன்று, பைத்தான் மொழிக்கென அமைந்த ‘ஸ்பேசி’ என்னும் கட்டற்ற மென்பொருள். 2015ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த இதன் மூன்றாம் பதிப்பு 2021இல் வெளியாயிற்று. ஆராய்வார் தாமே எழுதிய செருகுநிரலை இக்கருவி கண்டுகொள்ளுமாறு செய்தல் எங்ஙனம் என்பதனை ஈண்டு விளக்குவாம்.

தமிழைப் பொறுத்தவரை இக்கருவி இடைவெளியும் நிறுத்தற்குறியும் கொண்டே சொற்களைப் பிரிக்கின்றது. ‘வந்தானென்றான்’ என்பது அதற்கு ஒரு சொல்லே; வந்தான் என்னும் நிலைமொழியும் என்றான் என்னும் வருமொழியும் அதற்குப் புலப்படா. ஆதலின், புணர்ச்சி பிரிக்கும் நிரலை ஆராய்வாரே எழுதிச் சேர்த்தல் வேண்டும். பிரித்த வடிவங்களை அந்நிரல் அச்சொல்லின்மேல் தனிக் குறிப்பாக ஏற்றும். மூலப்பாடமோ எழுத்தும் மாறாது நிற்கும். மூலத்தைச் சிதையாது உரைகாணும் நம் மரபிற்கு இஃது இயைந்ததேயாம்.

நிரலை எழுதினால் மட்டும் போதாது. அதற்கொரு பெயரிட்டுக் கருவியின் பதிவேட்டில் பதிதலும் வேண்டும். பகுப்புத் தொகுதியைச் சேமிக்குங்கால், அமைவுக் கோப்பில் ஏறுவன அப்பெயரும் அதற்குரிய அமைப்புகளுமே, நிரல் ஏறாது. நூற்பா எண்ணைச் சுட்டி நூற்பாவைத் தாராத உரையை ஒக்கும் இது. பிறரொருவர் அத்தொகுதியைத் திறப்பின், பெயருக்குரிய நிரலைக் காணாது கருவி பிழை கூறி நின்றுவிடும்.

இக்குறையை நீக்கும் வழிகள் மூன்று. தொகுதியைத் திறப்பதற்கு முன்னரே நிரற்கோப்பை இறக்குமதி செய்தல் ஒன்று. தனியொருவர் பணிக்கு இது சாலும். பயிற்சிக் கட்டளையோடு ‘கோட்’ என்னும் தெரிவைச் சேர்த்து, நிரற்கோப்பின் இருப்பிடத்தைச் சுட்டுதல் மற்றொன்று. இது பயிற்சி நிகழும் அளவிற்கே உதவும். பின்னர்த் தொகுதியைத் திறக்குங்கால் நிரலை மீண்டும் காட்டுதல் வேண்டும். தொகுதியையும் நிரலையும் ஒரு பொதியாகக் கட்டுதல் மூன்றாவது. பொதியாக்கும் கட்டளையிலும் அத்தெரிவே உண்டு. அதன்வழிச் சேர்ந்த நிரல், பொதியைத் திறக்கும்போதே தானும் பதிவாகிவிடும்.

மூன்றனுள் ஆய்வுலகிற்கு ஏற்றது மூன்றாவதே. ஒருவர் கண்ட சொற்பகுப்பைப் பிறர் மீளச் செய்து காணுதல் கூடாதாயின், அம்முடிவு கூற்றாக நிற்குமேயன்றிச் சான்றாக நில்லாது. பிறர் தந்த பொதியைத் திறத்தல் அவர்தம் நிரலை நம் கணிப்பொறியில் இயக்குதலே ஆதலின், அதனைப் படித்தறிந்து ஏற்றலும் கடனாம். ஆய்வேட்டில் சொல்லடைவினைப் பின்னிணைப்பாகத் தரும் மாணாக்கர், அதனை ஆக்கிய நிரலையும் கருவியின் பதிப்பெண்ணையும் உடன் தருவாராக.