காற்றில் வேகும் முட்டையும் டயாலிசிஸ் நோயாளியின் தட்டும்

ஆறு மாதங்களுக்கு முன்னர், சிறுநீரகப் புறநோயாளர் பிரிவில் ஒரு தாயார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய கணவர் ஆண்டிபட்டிப் பகுதியில் பல்லாண்டுகள் தறியில் உழைத்தவர். இப்போது வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். வெளியூரில் பணிபுரியும் மகன் தீபாவளிக்கு ஓர் ஏர் ஃபிரையர் வாங்கி அனுப்பியிருந்தார்.

“டாக்டர், இதுல எண்ணெயும் வேணாம், தண்ணியும் வேணாம், முட்டைகூட வெந்துருமாம். வேக வெச்சுக் குடுத்தா இவுக சாப்பிடலாமா?”

கருவியைப் பற்றிய கேள்வியாகவே அதை முதலில் எடுத்துக்கொண்டேன். ஆயினும், அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தபோது ஆல்புமின் அளவு 2.9 என்று இருந்தது. கால்களில் வீக்கம், சட்டை தோளில் நிற்கவில்லை. “கடைசியாக முட்டை சாப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று, ஐயா?” என்று கேட்டேன். “ரெண்டு வருசம் இருக்கும் சார். கிரியேட்டினின் ஏறுனப்பவே பருப்பு, முட்டை, கறி எல்லாத்தையும் குறைக்கச் சொன்னீக. அன்னைக்கே நிறுத்திட்டேன்” என்றார்.

அவர் சொன்னதில் தவறேதும் இல்லை. டயாலிசிஸ் தொடங்கி எட்டு மாதங்கள் கடந்த பின்னரும், அந்தக் கட்டுப்பாடு மாறிவிட்டது என்பதை அவரிடம் ஒருவரும் எடுத்துரைக்கவில்லை. உரைத்திருக்க வேண்டிய பொறுப்பு என்னுடையது. இக்கட்டுரை எழுதப்படுவதற்கு அதுவே காரணம்.

விதி மாறும் இடம்

சிறுநீரகம் படிப்படியாகச் செயலிழந்து வரும் காலத்தில், டயாலிசிஸ் தேவைப்படாத நிலையில், புரதத்தை அளவோடு உண்ணுமாறு அறிவுறுத்துகிறோம். புரதம் சிதைவதால் உண்டாகும் யூரியா போன்ற கழிவுகளை வெளியேற்றும் ஆற்றல் அச்சிறுநீரகங்களுக்குக் குறைவு என்பதே காரணம்.

டயாலிசிஸ் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. கழிவுகளை இயந்திரம் வெளியேற்றுகிறது. ஆனால் கழிவோடு சேர்ந்து உடலுக்குத் தேவையான அமினோ அமிலங்களும் வெளியேறிவிடுகின்றன. ஒருமுறை ரத்த டயாலிசிஸ் செய்யும்போது ஏறத்தாழ 6 முதல் 12 கிராம் வரை இவ்வாறு இழக்க நேரிடும். வயிற்றின் வழியே வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வோர் நாள்தோறும் புரதத்தை இழக்கின்றனர். ஆகவே டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவிற்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை புரதம் நாள்தோறும் தேவைப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 72 கிராம் ஆகும். மூன்று வேளையும் சோறும் ரசமும் மட்டும் உண்பவர் இந்த அளவை எட்ட இயலாது. எட்டாதபோது உடல் தன் சொந்தத் தசையையே கரைத்து ஈடுசெய்கிறது. தொற்று எளிதில் பற்றுகிறது. புண் ஆறத் தாமதமாகிறது. எழுந்து நடக்கும் வலிமையும் குன்றுகிறது.

டயாலிசிஸ் தொடங்கிய நாளில், பழைய உணவுத்தாளைக் கிழித்துவிட்டுப் புதிய உணவுத்தாளைக் கேட்டுப் பெறுங்கள்.

வெண்கருவும் மஞ்சள் கருவும்

ஓடு நீங்கலாக 50 கிராம் எடையுள்ள ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. இதில் பாதிக்கு மேல், அதாவது சுமார் 3.6 கிராம், வெண்கருவில் இருக்கிறது. எஞ்சியது மஞ்சள் கருவில் உள்ளது.

சிறுநீரக நோயாளிக்கு இவ்விரண்டின் வேறுபாடு பாஸ்பரஸில்தான் இருக்கிறது. ரத்தத்தில் பாஸ்பரஸ் மிகுந்தால் தோலில் அரிப்பு உண்டாகும், எலும்பு வலுவிழக்கும், ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படியும். ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் 60 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸ் உண்டு. வெண்கருவிலோ வெறும் 5 மில்லிகிராம் அளவே உண்டு. முட்டையின் கொழுப்புச் சத்தும், சுமார் 185 மில்லிகிராம் கொலஸ்டிராலும் மஞ்சள் கருவிலேயே அடங்கியுள்ளன. பாஸ்பரஸைப் பெரிதும் ஏற்றாமல் உயர்தரப் புரதம் தரும் உணவுகளில் வெண்கருவுக்கு இணையானவை மிகச் சிலவே. மூன்று முட்டைகளின் வெண்கரு ஏறத்தாழ 11 கிராம் புரதம் தரும். ஒருமுறை டயாலிசிஸில் இழப்பதை இது பெரும்பாலும் ஈடுசெய்துவிடும்.

மஞ்சள் கரு முற்றிலும் விலக்கப்பட்டதன்று. பாஸ்பரஸ் கட்டுக்குள் இருப்போர் அதையும் அளவோடு உண்ணலாம். உங்களுக்கு எத்தனை என்பதை உங்கள் பரிசோதனைத் தாளைப் பார்த்து மருத்துவரோ உணவு ஆலோசகரோ சொல்ல வேண்டும். முழுதாக அவித்த முட்டையில் வெண்கருவும் மஞ்சள் கருவும் கத்தியின்றியே பிரிந்துவிடும் என்பது ஒரு வசதி. நோயாளி வெண்கருவை உண்ண, மஞ்சள் கருவை வீட்டிலுள்ள பேரப்பிள்ளை உண்ணட்டும்.

காற்றில் முட்டை வேகும் விதம்

ஏர் ஃபிரையர் என்பது, மின்கம்பியால் சூடேற்றிய காற்றை விசிறியால் வேகமாகச் சுழற்றும் ஒரு சிறிய அடுப்பே. முட்டை வேகப் பெரும் வெப்பம் தேவையில்லை. வெண்கரு 62 பாகை செல்சியஸ் அளவில் உறையத் தொடங்கி, 80 பாகையில் நன்கு கெட்டிப்படும். மஞ்சள் கரு 65 முதல் 70 பாகைக்குள் இறுகிவிடும்.

கொதிநீரின் வெப்பம் 100 பாகை. சூடான காற்றின் வெப்பம் அதைவிட மிகுதியாக இருந்தும் முட்டை வேகக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. நீரைப்போல் காற்று வெப்பத்தை விரைந்து கடத்துவதில்லை என்பதே காரணம். நீரில் ஒரு பாதுகாப்பும் உண்டு: எவ்வளவு நேரம் கொதித்தாலும் முட்டையின் சூடு 100 பாகையைத் தாண்டாது. காற்றில் அந்த வரம்பு இல்லை. 180 பாகையில் வைத்தால் ஓடு வெடிக்கலாம். வெண்கரு தோல்போல் இறுகிப் பழுப்புப் புள்ளிகள் விழலாம்.

மலைமேல் வாழ்வோர்க்கு ஒரு செய்தி. உயரம் கூடக்கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலுள்ள மேகமலையில் நீர் 95 பாகையளவிலேயே கொதிக்கும். ஆகவே அங்குள்ள தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர், ஆண்டிபட்டியில் அவிப்பதைவிட ஓரிரு நிமிடங்கள் கூடுதலாக முட்டையை அவிக்க வேண்டும்.

செய்முறை

விரிசல் இல்லாத முட்டைகளைத் தேர்ந்தெடுத்து, வேகவைப்பதற்குச் சற்று முன்னர் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். கூடையில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், காற்று இடையே செல்லுமாறு ஒரே வரிசையாக வையுங்கள். தண்ணீரோ எண்ணெயோ ஊற்ற வேண்டியதில்லை. வெப்பத்தை 130 பாகையில் நிறுத்தி, 15 முதல் 17 நிமிடங்கள் வேகவிடுங்கள். முடிந்தவுடன் இடுக்கியால் எடுத்துக் குளிர்ந்த நீரில் பத்து நிமிடங்கள் போட்டு வையுங்கள்.

ஒவ்வொரு கருவியின் சூடும் சற்றே மாறுபடும். ஆகவே முதன்முறை ஒரேயொரு முட்டையை வைத்துப் பாருங்கள். அதை இரண்டாக வெட்டிப் பார்த்து, நடுவில் ஈரப்பசை தென்பட்டால் அடுத்தமுறை இரண்டு நிமிடங்களைக் கூட்டுங்கள். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை நிற வளையம் தோன்றினால் அளவுக்கு மீறி வெந்துவிட்டது என்று பொருள். வெண்கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்வதால் உண்டாகும் நிறம் அது. அதனால் தீங்கில்லை, அஞ்சி எறிந்துவிட வேண்டாம். அன்றிட்ட முட்டையில் ஓடு எளிதில் உரியாது. சில நாட்கள் கழிந்த முட்டையே நன்கு உரியும்.

இக்கருவி 1500 வாட் அளவில் மின்சாரம் இழுப்பது. எனவே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாமல், 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு முற்றிலும் வேறு கருவி. ஓட்டுடன் கூடிய முட்டையையோ, அவித்த முட்டையையோ அதில் ஒருபோதும் சூடாக்காதீர்கள். உள்ளே நீராவி தேங்கி முட்டை வெடித்து முகமும் கண்ணும் புண்பட்டோர் உண்டு.

இனி, பலர் கேட்கத் தயங்கும் கேள்வி: இதில் வேகும் முட்டை சத்தில் உயர்ந்ததா? இல்லை. பானையில் அவித்த முட்டைக்கும் இதற்கும் சத்தில் வேறுபாடில்லை. கருவியின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. டயாலிசிஸ் முடிந்து களைத்துத் திரும்பும் ஒருவர் அடுப்பருகே நிற்க வேண்டியதில்லை. நேரம் முடிந்ததும் அது தானே நின்றுவிடும். நீரிழிவால் பார்வை மங்கியோர்க்கும், விரல்களில் உணர்ச்சி குன்றியோர்க்கும் கொதிநீர்ப் பாத்திரத்தைத் தூக்கி வடிக்கும் இடர் இல்லை. வீட்டில் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையெனில் முட்டைக்காக வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் பல மாதங்களுக்கு முட்டை வாங்கலாம்.

பச்சை முட்டை வேண்டாம்

நம் பகுதியில் பூப்பெய்திய பெண்பிள்ளைக்கு நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து நல்லெண்ணெயுடன் கொடுக்கும் வழக்கம் உண்டு. மெலிந்த நோயாளிக்கும் ‘உடம்பு தேற’ அவ்வாறே கொடுப்பதைக் காண்கிறேன். அன்பினால் செய்யப்படுவதுதான், ஆயினும் நோக்கத்திற்கு எதிரான விளைவையே தருகிறது. 1998-இல் பெல்ஜியம் நாட்டின் லூவன் நகர ஆய்வாளர்கள், வெந்த முட்டையின் புரதத்தில் சுமார் 91 விழுக்காடு செரிக்கிறது என்றும், பச்சை முட்டையில் 51 விழுக்காடு மட்டுமே செரிக்கிறது என்றும் கண்டறிந்தனர். இதன்படி, பச்சையாகக் குடிக்கும் முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய பாதி வீணாகிறது.

சால்மொனெல்லா என்னும் கிருமியின் அச்சமும் உண்டு. நலமுள்ளவருக்கு அது சில நாள் வயிற்றுப்போக்கோடு நீங்கலாம். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவருக்கு அது ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். முட்டையின் உட்பகுதி 71 பாகையைத் தொட்டால் அக்கிருமி அழிந்துவிடும். ஆகவே அத்தகையோர் அரைவேக்காட்டு முட்டையையும், மஞ்சள் கரு ஒழுகும் ஆம்லெட்டையும் தவிர்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

அவித்த முட்டையை இரண்டு மணி நேரத்திற்குள், கோடை வெயிலில் ஒரு மணி நேரத்திற்குள், உண்டுவிட வேண்டும். அல்லது குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். ஓட்டுடன் வைத்தால் ஒரு வாரம் வரை தாங்கும். காலையில் அவித்த முட்டையை டிபன் பெட்டியில் அடைத்து, பேருந்தில் வந்து, டயாலிசிஸ் முடிந்து பிற்பகலில் உண்பது நன்றன்று. சிகிச்சையின்போது உண்டால் சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கும். எனவே செவிலியரிடம் கேட்டுவிட்டு உண்ணுங்கள்.

உப்பைத் தவிர்த்து மிளகுத்தூள் தூவிக்கொள்ளலாம். ‘சோடியம் குறைந்த உப்பு’ என விற்கப்படுவதில் பொட்டாசியம் இருக்கும். அது சிறுநீரக நோயாளியின் இதயத்துடிப்பையே பாதிக்கக்கூடும். ஆண்டிபட்டிப் பக்கம் முருங்கைக்கீரையும் முட்டையும் சேர்த்து வதக்குவது வழக்கம். நல்ல உணவுதான், ஆனால் முருங்கைக்கீரை பொட்டாசியம் மிகுந்தது. பொட்டாசியக் கட்டுப்பாடு உள்ளவர் அதைக் குடும்பத்தார்க்கு விட்டுவிடுக. டயாலிசிஸ் தொடங்காத நோயாளிகள் இக்கட்டுரையைப் படித்துத் தாமாக முட்டையைக் கூட்டிவிடலாகாது. முட்டை ஒவ்வாமை உடையோரும் சைவ உணவினரும் மாற்றுப் புரதம் குறித்து உணவு ஆலோசகரிடம் கேட்டறியலாம்.

இவ்வூரும் முட்டையும்

1984 டிசம்பரில், அமெரிக்காவின் புரூக்ளின் நகர மருத்துவமனையில் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட எம்.ஜி.ஆர்., அங்கிருந்தவாறே வெற்றி பெற்ற தொகுதி ஆண்டிபட்டி. அவர் 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், 1989-இல் கருணாநிதி ஆட்சியின்போது இரு வாரத்திற்கு ஒரு முட்டை சேர்க்கப்பட்டது. 2010-இல் அது வாரத்திற்கு ஐந்தாக உயர்ந்தது. பள்ளிப் பிள்ளைக்கு முட்டை மருந்துபோல் தேவை என்பதை நாம் அனைவரும் ஏற்றுக்கொண்டோம். அதே வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் தாத்தாவுக்கும் அது தேவை என்பதை இன்னும் பலர் அறியவில்லை.

அந்த நெசவாளர் இப்போது நாளொன்றுக்கு மூன்று வெண்கரு உண்கிறார். பருப்பும் மீனும் அளவோடு சேர்த்துக்கொள்கிறார். சென்ற மாதப் பரிசோதனையில் ஆல்புமின் 3.4 ஆக உயர்ந்திருந்தது. சிகிச்சை நேரத்தையும் சற்றுக் கூட்டியிருந்தோம். ஆகவே முழுப் பெருமையும் முட்டைக்கு உரியதன்று. ஏர் ஃபிரையர் எப்படி என்று கேட்டேன். “மூடியத் தொறக்காமலே அவுகளா வெச்சு எடுத்துக்கிறாக டாக்டர், எனக்கு ஒரு வேலை மிச்சம்” என்றார் மனைவி.

எங்கள் பிரிவில் இப்போது, முதல் டயாலிசிஸ் முடிந்து படுக்கையிலிருந்து எழும் முன்னரே, நோயாளியின் கையிலும் அவரோடு வந்தவர் கையிலும் புதிய உணவுத்தாளைக் கொடுக்கிறோம். உங்களுக்கு அது கிடைக்கவில்லையெனில், அடுத்தமுறை வரும்போது தயங்காமல் கேளுங்கள்.