எழுத்தே இல்லாத கடல் புத்தகம்

"ஒரு வரி எழுத்து கூட இல்லை, இதற்குப் போய் இவ்வளவு காசா?" புத்தகக் கடையில் படப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு இப்படிக் கேட்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். நியாயமான கேள்விதான். ஆனால் எழுத்துள்ள புத்தகத்தில் கதை சொல்லும் வேலை நமக்கு. எழுத்தில்லாத புத்தகத்தில் அந்த வேலை குழந்தைக்கு. மூன்று, நான்கு வயதில் வாயைத் திறந்து கோவையாக நாலு வார்த்தை பேசப் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். தென்கொரிய ஓவியர் சூசி லீ 2008-ல் வெளியிட்ட 'வேவ்', அதாவது 'அலை'. (2022-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது வாங்கியவர் இவர்.) கரியால் வரைந்த ஒரு சிறுமி, நீல நிறத்தில் கடல், கூடவே சில பறவைகள். அவ்வளவுதான். இடது பக்கம் மணல், வலது பக்கம் கடல், புத்தகத்தின் நடு மடிப்புதான் இரண்டுக்கும் எல்லை. சிறுமி முதலில் அலையைக் கண்டு பயந்து ஓடுகிறாள். அப்புறம் தைரியம் வந்து அதட்டுகிறாள், கடைசியில் நாக்கை நீட்டிக் கேலியே செய்கிறாள். அலை சும்மா இருக்குமா? எழும்பி வந்து தலையோடு குளிப்பாட்டிவிடுகிறது. தண்ணீர் வடிந்ததும் பார்த்தால் மணலெல்லாம் கிளிஞ்சல்! அதுவரை நிறமே இல்லாத அவள் கவுன் நீலமாகியிருக்கிறது, வானமும் நீலம்.

பெரியவர்கள் மூன்று நிமிஷத்தில் பார்த்து முடித்துவிடுவோம். அவசரப்படாதீர்கள். "இது என்ன? என்ன கலர்? பறவை எத்தனை?" என்று கேள்வி மேல் கேள்வி போட்டால் அது பரீட்சை ஆகிவிடும், குழந்தை எழுந்து ஓடிவிடும். பக்கத்தைத் திருப்பிவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். குழந்தை தானாக ஏதாவது சொல்லும். "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள், போதும்.

எங்கள் வீட்டில் இதனால் இன்னொரு நன்மையும் வந்தது. என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேத்தி கதைப் புத்தகத்தோடு வந்தால், "கண்ணாடியைக் காணோம், பெரியம்மா கிட்ட போடி" என்று அனுப்பிவிடுவார். கண்ணாடி தலைமாட்டிலேயே இருக்கும்! இந்தப் புத்தகத்தில் அந்தக் கஷ்டம் இல்லை பாருங்கள். நாகப்பட்டினம் பக்கம் வளர்ந்தவர், கடலைப் பற்றி அவருக்குத் தெரியாததா? "அலைக்குக் கோவம் வந்துடுச்சுடி கண்ணு, அதான் அடிக்குது" என்று ஆரம்பித்தார். என் ஓரகத்தி பெண் நாலு வயசுக்காரி, பத்து கேள்விக்கு ஒரு தலையாட்டல்தான் பதிலாக வரும். அவள் சட்டென்று, "இல்ல பாட்டி, கோவம் இல்ல. அதுவும் விளையாடுது" என்றாள். பாட்டி விடவில்லை, இவளும் விடவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்க, நான் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது தினமும் சாயங்காலம் இருவருக்கும் இதே வழக்குதான்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தல். கதையில் அம்மா முதலிலும் கடைசியிலும்தான் வருகிறாள், நடுவே சிறுமி தனியாகவே அலையோடு ஆடுகிறாள். படத்தில் சரி. நம் மெரினாவிலோ அலை திரும்பும்போது காலடி மணலையே அரித்து இழுக்கும். கணுக்கால் ஆழம்தானே என்று கையை விட்டுவிடக் கூடாது. "நாம போனா அம்மா கையைப் பிடிச்சுக்கணும், ஏன் தெரியுமா?" என்று புத்தகத்தை வைத்துக்கொண்டே பேசிவிடுங்கள். கடற்கரையில் நின்று கத்துவதைவிட இது நன்றாகப் பதியும்.

குழந்தை சொல்லும் கதையைப் பழைய நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே படத்துக்கு வேறு கதை வரும். பேச்சு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

புத்தகம் கிடைக்கவில்லையா? பழைய காலண்டர், வாரப் பத்திரிகைகளில் வரும் கடல், படகு, மீன், கலங்கரை விளக்கப் படங்களை வெட்டுங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டைகளில் மைதாப் பசையால் ஒட்டி, ஓரத்தில் ஓட்டை போட்டு நூலால் கட்டுங்கள். பசையில் துளி மயில்துத்தம் சேர்ப்பது சிலர் வழக்கம். அது விஷம், குழந்தை வாயில் வைக்கும் பொருளுக்கு வேண்டவே வேண்டாம். முனைகளை வட்டமாகக் கத்தரித்துவிட்டால் கண்ணில் குத்தாது. படங்களை எந்த வரிசையில் கோப்பது என்பதைக் குழந்தையிடமே விட்டுவிடுங்கள்.