செம்மழையும் தெளிந்த அறிவும்

விஞ்ஞானம் என்றவுடன் ஆராய்ச்சிக்கூடமும், கண்ணாடிக் குழாய்களும், எளிதில் விளங்காத சூத்திரங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் விஞ்ஞானம் என்பது முதலாவதாக ஒரு மனப்பழக்கமே ஆகும். வியப்பான செய்தியொன்று காதில் விழுந்ததும், "இது மெய்தானா? மெய்யென்பதை எவ்வாறு அறிவது? வேறு காரணம் இருத்தல் கூடுமா?" என்று வினவும் பழக்கம் அது. 1976-ஆம் ஆண்டில் நிறைவேறிய நாற்பத்திரண்டாவது திருத்தம் நமது அரசியல் சட்டத்தில் அடிப்படைக் கடமைகள் சிலவற்றைச் சேர்த்தது. விஞ்ஞான மனப்பான்மையை வளர்த்தல் அவற்றுள் ஒன்று. இக்கடமையில் தவறுவோருக்குத் தண்டனை ஏதும் இல்லை. ஆதலின் இதைக் காக்கும் பொறுப்பு முழுவதும் நம்மையே சார்ந்தது.

இக்கடமை நடைமுறையில் எவ்வாறு அமையும் என்பதற்குப் பொன்முடியின் பக்கத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்று, இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால், சுமார் 1,100 மீட்டர் உயரத்திலுள்ள பொன்முடியை அடைகிறோம். மழைக்காலத்தில் மேகம் வந்து தங்கும் மலை அது. அதற்கு அண்மையிலுள்ள பாலோடு என்னும் ஊரில் 1979-இல் நிறுவப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா, ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாடே வியந்த ஒரு புதிருக்கு விடை காண்பதில் இந்நிலையத்தார் பங்கு கொண்டனர்.

2001-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் கோட்டயம் மாவட்டத்துச் சங்கனாசேரிப் பகுதியில் செந்நிற மழை பெய்தது. வெளியே கிடந்த துணிகளில் கறை படிந்தது. பின்னர் செப்டம்பர் வரையில் கேரளத்தின் பல இடங்களில் அவ்வப்போது இம்மழை பொழிந்தது. வானத்திலிருந்து குருதி நிறத்தில் நீர் விழக் கண்டவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை. கிணற்று நீரை நம்பி வாழும் நாட்டில், "இந்நீர் தீங்கு செய்யுமோ?" என்ற ஐயமும் நியாயமானதே.

முதல் மழைக்கு முன் பேரொலி கேட்டதாகவும், ஒளி தோன்றியதாகவும் சிலர் கூறினர். அதனைக் கொண்டு, விண்கல் ஒன்று சிதறியதால் எழுந்த தூசியே நிறத்துக்குக் காரணம் ஆகலாம் என்று திருவனந்தபுரத்துப் புவி அறிவியல் ஆய்வு மையத்தார் முதலில் கருதினர். ஆனால் அக்கருத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நீரை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கியபோது, ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 90 லட்சம் நுண்துகள்கள் தென்பட்டன. அவை தூசியாக இல்லை. உயிரணுக்களின் வடிவில் இருந்தன. உடனே மாதிரிகள் பாலோட்டுக்கு அனுப்பப்பட்டன. அங்கே தக்க ஊட்டநீரில் வைத்து வளர்த்தபோது, ட்ரென்டிபோலியா என்னும் பாசி முளைத்தது. இது பச்சைப் பாசி வகுப்பைச் சேர்ந்ததாயினும், கரோட்டின் வகை நிறமிகளால் செம்மஞ்சளாகத் தோன்றுவது. ஈரமான பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் படர்வது. சங்கனாசேரிப் பகுதியைச் சென்று பார்த்தபோது, மரங்களிலும் பாறைகளிலும் விளக்குக் கம்பங்களிலும் கூட அது படர்ந்திருக்கக் கண்டனர். நிறத்துக்குக் காரணம் இப்பாசியின் வித்துக்களே என்று 2001 நவம்பரில் இரு நிலையங்களும் அறிக்கை அளித்தன.

இங்கே இரண்டு செய்திகளை நாம் ஊன்றி நோக்கவேண்டும். முதலாவது, சான்று மாறியபோது ஆராய்ச்சியாளர் தமது முதற்கருத்தைக் கைவிட்டனர். அது அவர்களுக்கு இழுக்கன்று, பெருமையே ஆகும். இரண்டாவது, அத்துணை வித்துக்கள் ஒரே காலத்தில் எவ்வாறு மேகத்தை அடைந்தன என்பதற்கு முழு விளக்கம் கிடைக்கவில்லை என்பதையும் அவ்வறிக்கை மறைக்கவில்லை. பின்னர் 2006-இல் மகாத்மா காந்தி பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், இத்துகள்கள் வேற்றுலகத்து உயிரணுக்கள் ஆகலாம் என்று எழுதியபோது உலகமெங்கும் பரபரப்பு எழுந்தது. அக்கருத்தும் சோதனைக்கு உட்பட்டது. 2015-இல் வெளிவந்த மரபணு ஆய்வு மீண்டும் ட்ரென்டிபோலியாவையே சுட்டியது. விடை காணாத ஒரு பகுதி எஞ்சியிருப்பதால், அவ்விடத்தில் நம் மனம் விரும்பும் எந்த அற்புதத்தையும் வைத்து நிரப்பலாம் என்று பொருளாகாது.

இத்தகைய ஆராய்ச்சிக்குப் பெருங்கருவிகள் எப்போதும் வேண்டுவதில்லை. 1608-இல் பிரான்சு நாட்டு எக்ஸ் நகரின் சுவர்களில் செந்துளிகள் காணப்பட்டன. மக்கள் இரத்த மழை என்று நடுங்கினர். பெய்ரெஸ்க் என்னும் அறிஞர் ஒரு பட்டாம்பூச்சிக் கூட்டைப் பெட்டியில் வைத்திருந்தார். பூச்சி வெளிவந்த இடத்தில் செந்துளி ஒன்று எஞ்சியிருந்தது. மழை படாத சுவரிடுக்குகளிலும் அத்தகைய துளிகள் இருப்பதை அவர் கண்டார். மழையாயின் அது கூரையில் அல்லவா விழவேண்டும்? இவ்வொரு கேள்வியே அச்சத்தை அகற்றப் போதுமானதாயிற்று.

இன்று வதந்திக்கு மேகமும் வேண்டியதில்லை. கைப்பேசி வழியே அது ஒரு நொடியில் ஆயிரம் இல்லங்களை அடைகிறது. நோய்க்கு மருந்து என்றும், நீரில் நஞ்சு என்றும் செய்தி வருங்கால், அதை அடுத்தவருக்கு அனுப்புமுன் நாம் சற்றே நிற்கலாம். கண்டவர் யார், சோதித்தவர் யார் என்று கேட்கலாம். ஐயம் உண்மையாயின், நீரைப் புட்டியில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். கேட்பது அவமரியாதை அன்று. "இன்னும் தெரியவில்லை" என்று சொல்வது அறியாமையும் அன்று. அஞ்சிய மக்களுக்குப் பாலோட்டு ஆராய்ச்சியாளர் செய்த உதவி, அந்நீரைப் பொறுமையுடன் சோதித்து உண்மையைக் கூறியதே ஆகும். அவ்வுதவியை நாம் ஒவ்வொருவரும் நம் அண்டை அயலாருக்குச் செய்ய இயலும்.