மைசூர் பஸ்ஸில் ஒரு வனப் பிரயாணம்

முந்திரித் தோப்பும் பலா மரமும் செம்மண் மேடுமாகக் கண் பழகிப்போன காடாம்புலியூர்க்காரர்களும், அடுத்துள்ள நெய்வேலி நகரியத்தாரும் கோடை விடுமுறையில் வேன் அமர்த்திக்கொண்டு உதகைக்குப் போய், ஏரியையும் பூங்காவையும் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார்களேயன்றி, அம்மலைக்கு அப்பால் மைசூருக்குச் செல்லும் அரசாங்க பஸ்ஸில் ஒரு பகல் முழுவதையும் செலவிட யாரும் யோசிப்பதில்லை. முதுமலை, பந்திப்பூர் என்னும் இரு புலிகள் காப்பகங்களின் நடுவே சாதாரண டிக்கெட்டில் அழைத்துச் செல்லும் அந்த பஸ்ஸை விடச் சிக்கனமான வன யாத்திரை தென்னாட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பைக்காராவையும் நடுவட்டத்தின் தேயிலைச் சரிவுகளையும் கடந்து கூடலூரில் இறங்கி, தொரப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டியதும், குளிருக்காகப் போர்த்திய சால்வையைப் பிரயாணிகள் மடித்து வைக்கத் தொடங்குகிறார்கள். 1940-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2007-இல் புலிகள் காப்பகமான முதுமலை, மேற்கே மழை மிகுந்து தேக்கும் மூங்கிலுமாகச் செழித்தும், கிழக்கே போகப்போக மழை குறைந்து முட்புதராக மெலிந்தும் காண்பது, சில காத தூரத்துக்குள் இயற்கை நடத்தும் விசித்திரம். இடையிடையே கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் பூத்து நிற்கும் உன்னிச்செடியைக் கண்டு மகிழ வேண்டாம். அலங்காரத்துக்காக வெளிநாட்டிலிருந்து வந்து, மான் மேயும் புல்லை மூடிவிட்ட சத்துரு அது.

சாலையோரத்து மரமொன்றில் சாம்பல் நிற மந்திகள் தளிரைக் கடித்துப் பாதியைக் கீழே சிந்த, அதைப் பொறுக்கித் தின்னப் புள்ளிமான்கள் அடிமரத்தைச் சூழ்ந்து நிற்பதை ஜன்னல் வழியே பார்க்கலாம். இச்சிநேகத்தில் மானுக்குக் கிடைப்பது ஆகாரம் மாத்திரமன்று. உச்சிக்கிளையிலிருந்து சிறுத்தையையோ புலியையோ முதலில் கண்டுவிடும் மந்தி எழுப்பும் எச்சரிக்கைக் குரலும் அதற்குப் பாதுகாப்பாகிறது. “கையை உள்ளே வச்சுக்குங்க சார், இங்கே நிறுத்த முடியாது” என்கிறார் கண்டக்டர். அவர் சொல்வதே சட்டமுங்கூட. கக்கநல்லா எல்லைக்கு அப்பால் பந்திப்பூர்ச் சாலையில், வாகனங்களில் அடிபட்டு மிருகங்கள் மாண்டதன் காரணமாக, 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்தே தடுக்கப்பட்டிருக்கிறது. அவசர ஊர்திகளுக்கும் சில பஸ்களுக்கும் மட்டுமே விலக்கு. வியாபாரிகளுக்கு இதனால் அசௌகரியம் உண்டென்பது மெய். ஆனாலும் பகலெல்லாம் நமக்கு விட்ட பாதையை இரவிலேனும் யானைகள் நிம்மதியாகக் கடக்கட்டும் என்பதே என் கட்சி.

பஸ்ஸையே வனத்தின் காவலாக்கிய தேசமும் ஒன்றுண்டு. 1917-இல் தோன்றிய அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்கா, இன்று சுமார் 24,500 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணம் கொண்டது. நம் கடலூர் மாவட்டத்தைப் போல் ஆறு மடங்குக்கும் அதிகம். அவ்வளவு பெரிய பிரதேசத்துக்குள் செல்வது ஏறக்குறைய 148 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே சாலை. புதிய நெடுஞ்சாலையால் கூட்டம் பெருகுமென்று கண்ட அதிகாரிகள், 1972-இல், முதல் 24 கிலோமீட்டருக்கு மேல் சொந்தக் கார்களைப் பொதுவாக நிறுத்தி, யாவரையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். ஒருவர் கரடியைக் கண்டு குரல் கொடுத்தால் டிரைவர் நிறுத்துகிறார். வேண்டியவர் இறங்கி நடந்து, பின்னால் வரும் பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். 2021-இல் நிலச்சரிவு பாதையைப் பாதியில் துண்டிக்கும் வரை, சாலையின் கோடி வரை போய்த் திரும்ப ஒரு பகல் முழுவதும் பிடித்தது. நாற்பது பேர் நாற்பது காரில் போவதற்கும் ஒரே வண்டியில் போவதற்கும் உள்ள பேதத்தை அங்குள்ள மிருகங்களே நன்கு அறியும்.

யானை நடமாடும் நம் காட்டில் கண்ட இடத்தில் இறங்க ஒருவரும் அனுமதிக்க மாட்டார். இறங்கத்தான் வேண்டுமென்றால் தெப்பக்காட்டில் இறங்கலாம். வனத்துறை வண்டி காட்டுப்பாதையில் ஒரு சுற்று அழைத்துப் போகும். புலி தென்படவில்லையே என்று முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு திரும்புகிறவர்கள், மாயாற்றங்கரையிலுள்ள யானை முகாமுக்கு ஆகார வேளையில் போய்ப் பார்க்கட்டும். கேழ்வரகுக் களியும் சோறும் கொள்ளும் வெல்லமும் உப்பும் சேர்த்துப் பிசைந்த பெரிய உருண்டைகளை, குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய வனவாசிக் குடிகளில் பிறந்த பாகர்கள் யானையின் திறந்த வாய்க்குள் கையாலேயே வைக்கிறார்கள்.