கூண்டு ஏறிய பிறகு கட்டணம் யாருடையது?

2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் பிற்பகுதியில், சேலையூரில் எங்கள் அடுத்த வீட்டு அம்மையாரின் கூடத்தில், முறுக்குச் சுட்டு ஆறவைத்த செய்தித்தாள்களில் எண்ணெய் இன்னும் உலராதிருந்த ஒரு பிற்பகலில், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் கப்பல் ஓடாது என்ற செய்தி வந்து சேர்ந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்தைவிட்டு வந்து தாம்பரத்துச் சுற்றுப்புறத்திலேயே வாழ்நாளைக் கழித்துவிட்ட அவர், தம் அக்கா பேத்தியின் கல்யாணத்துக்காக ரயில் சீட்டு, கப்பல் சீட்டு, தங்கும் விடுதி ஆகிய அனைத்துக்கும் ஒரு பயண முகவரிடம் ஒரே தொகையாகப் பணம் கட்டியிருந்தார். முகவர் கொடுத்த ரோஜா நிறத் துண்டு ரசீதின் அடியில், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாலன்றிப் புலப்படாத எழுத்தில், இயற்கைச் சீற்றத்தால் பிரயாணம் ரத்தானால் பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று அச்சிட்டிருந்தது. “கடலிலை நான் பிழை சொல்லேல்லைத் தம்பி, காசைத்தான் கேக்கிறன்” என்றார் அம்மையார். சட்ட நூல்கள் பல பக்கங்களில் சொல்லும் விஷயத்தை அவர் அந்த ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

கடலின்மீது பிழையில்லை என்பதை முதலில் விளங்கிக்கொள்ளவேண்டும். நாகையிலிருந்து காங்கேசன்துறை சுமார் 60 கடல் மைல். காற்று சாந்தமாயிருக்கும் நாளில் ஏறக்குறைய நான்கு மணி நேரப் பிரயாணம். ஆனால் கப்பல் ஏறத்தாழத் தெற்கு நோக்கிச் செல்வதாலும், வங்காள விரிகுடா கிழக்கே தடையின்றித் திறந்து கிடப்பதாலும், வடகிழக்குப் பருவக்காற்று எழுப்பும் அலைகள் போகும்போது இடது விலாவிலும் திரும்பும்போது வலது விலாவிலும் மோதுகின்றன. முன்னால் வரும் அலையைக் கப்பல் ஏறி இறங்கிக் கடந்துவிடும். விலாவில் மோதும் அலையோ அதைப் பக்கவாட்டில் உருட்டும். பாக் நீர்ச்சந்தியின் ஆழம் குறைவாதலின், அலைகள் நீண்டு படியாமல் குறுகிச் செங்குத்தாக எழுகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு தாழ்வு நிலை ஓய்வதற்குள் மற்றொன்று உருவாகும் காலமாகையால், அந்த ஸ்திதி ஒரு நாளில் தணிவதில்லை, வாரக்கணக்கில் நீடிக்கிறது. 150 பேர் அமரும் சிறு கப்பலின் தலைவர் இந்நிலையில் கயிறு அவிழ்க்க மறுத்தால், அவருக்கு நாம் நன்றி சொல்லவே கடமைப்பட்டவர்கள்.

எழும்பூரில் புறப்பட்டுத் தாம்பரத்தைக் கடந்து தனுஷ்கோடிவரை சென்று, பிரயாணிகளைத் தலைமன்னார் செல்லும் நீராவிக் கப்பலில் ஏற்றிவிட்ட போட் மெயிலை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் நம் பகுதியில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலை அலை அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு விழுங்கியது. ஓடாமல் நின்றுவிட்ட வாகனத்தைக் குறை கூற நாவெழும்போதெல்லாம் எனக்கு அந்த ரயில் நினைவுக்கு வந்துவிடுகிறது.

இன்றைய நாகை–காங்கேசன்துறைக் கப்பலின் சரித்திரமும் பருவக்காற்றின் சரித்திரமும் பிரிக்கமுடியாதவை. 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய சேவை, பருவமழை நெருங்கியதால் சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்ட் 16 அன்று மீண்டும் தொடங்கி, நவம்பரில் மறுபடியும் நின்று, 2025 பிப்ரவரியில்தான் திரும்ப ஓடியது. ஆகவே, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்தக் கப்பலை நம்பிக் கல்யாணத் தேதியையோ காரியத் தேதியையோ அமைத்துக்கொள்பவர், அது ஓடாமற்போவதையும் கணக்கில் சேர்த்தே ஏற்பாடு செய்யவேண்டும்.

நாகைத் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு பிரயாணிக்குப் பெரிய உதவி. பத்திரிகைகளில் நாம் படிக்கும் அந்த எண்கள், பகலில் கம்பத்தில் தொங்கும் உருளைகளாலும் கூம்புகளாலும், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளாலும் காட்டப்படுகின்றன. 1-ம் 2-ம் தொலைவான கடலில் உருவான அபாயத்தைக் குறிப்பவை. 3-ம் 4-ம் துறைமுகத்தையே காற்று தாக்கக்கூடும் என்பவை. 5 முதல் 7 வரை அபாயமும், 8 முதல் 10 வரை பெரும் அபாயமும். 11 என்றால் வானிலை நிலையத்தோடு தொடர்பே அற்றுப்போயிற்று என்று பொருள். தாம்பரத்தில் காரைக்கால் ரயில் ஏறுவதற்கு முன்பு இந்த எண்ணையும், நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் கடல் எச்சரிக்கையையும் ஒருமுறை பார்த்துவிடுபவருக்கு, நாகைத் துறைமுக வாயிலில் பெட்டியோடு அமர்ந்திருக்கும் நிர்ப்பந்தம் பெரும்பாலும் நேராது.

இனிப் பணத்தைப் பற்றி. நடக்கவேண்டிய காரியம் இருதரப்பாரின் குற்றமுமின்றி நடத்த முடியாததாகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடுகிறது என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு கூறுகிறது; அவ்வாறு செல்லாததாகிவிட்ட ஒப்பந்தத்தின்கீழ் ஒருவர் பெற்றுக்கொண்ட அனுகூலத்தை மற்றவரிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று 65-ஆம் பிரிவு கூறுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் நியாயம் தெளிவாகும்: புயலால் கப்பல் நின்றதற்காகக் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்பதற்கில்லை; ஆனால் ஏற்றிச் செல்லாத பிரயாணத்துக்கு வாங்கிய கட்டணம் கம்பெனிக்கோ முகவருக்கோ சொந்தமாவதும் இல்லை. ஐரோப்பிய நாடுகளில் 2010-ஆம் ஆண்டின் கடற்பயணிகள் உரிமை விதியும் இப்படித்தான் கோடு கிழிக்கிறது. மோசமான வானிலையால் ரத்தான கப்பலுக்கு அங்கே நஷ்டஈடும் இல்லை, விடுதிச் செலவும் இல்லை. ஆனால் கட்டணத்தைத் திரும்பப் பெறுவது, அல்லது வேறு கப்பலில் செல்வது என்ற தேர்வுரிமை பிரயாணிக்கு உண்டு.

ரசீதின் அடியில் அச்சிட்ட வாசகம் இந்த உரிமையைப் பறிக்குமா என்பது அடுத்த கேள்வி. எழுதிய நிபந்தனைக்கு மதிப்புண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அதனாலேயே பணம் கட்டுமுன் அதைப் படிக்கவேண்டும். ஆயினும், நுகர்வோரின் உரிமையைப் பெரிதும் குலைக்கும் ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று வகுத்து, அதை ரத்துசெய்யும் அதிகாரத்தை மாநில ஆணையத்துக்கு வழங்கியிருக்கிறது. கட்டணத்தை மட்டும் கேட்கும் சாதாரண வழக்குக்கு அவ்வளவு தூரம் செல்லவேண்டியதில்லை. முகவர் சென்னையிலோ நாகையிலோ இருந்தாலும், தாம்பரவாசி தாம் வசிக்கும் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் அவசியமில்லை, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் செய்யவேண்டும். அதற்கு முன்பாக, ரசீது, பணம் செலுத்திய விவரம், ரத்து அறிவிப்பு ஆகியவற்றின் நகலோடு, பதினைந்து நாள் தவணை கொடுத்து எழுத்துமூலம் பணத்தைக் கேட்பதும், 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிவு செய்வதும் நல்லது. தொலைபேசியில் சண்டையிட்டதற்குச் சாட்சி இராது. ஒரு வரிக் கடிதத்துக்கு உண்டு.

பலரும் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. கப்பல் நின்றாலும் ரயில் ஓடுமாயின், ரயில் சீட்டை ரத்துசெய்வது பிரயாணியின் சொந்தத் தீர்மானமாகவே கருதப்படும். புறப்படும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தமும் ஏறும். ரயில்வேயே ரயிலை ரத்துசெய்தால் முழுத் தொகையும் கிடைக்கும். ஆகையால் கப்பல் ரத்தென்று தெரிந்த அந்த மணியிலேயே ரயில் சீட்டையும் விடுதியையும் கவனித்துவிடவேண்டும். மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கிறதே என்றால், இருக்கிறதுதான்; ஆனால் 2024 நவம்பர் 30 அன்று ‘ஃபெஞ்சல்’ புயலால் அந்த விமான நிலையமே மூடப்பட்டது. விமானம் ரத்தானால் மாற்று விமானமோ கட்டணமோ கேட்கும் உரிமை, புயலிலும் பிரயாணிக்கு உண்டு.

அக்கரையில் சிக்கிக்கொள்பவரின் அபாயமோ பணத்தினும் பெரிது. விசாவின் கடைசி நாளுக்கு முந்தைய கப்பலை நம்பியிருந்து, அது வாரக்கணக்கில் ஓடாமற்போனால், கெடு கடந்து தங்கிய குற்றத்துக்கு ஆளாகவேண்டிவரும். கடல் கொந்தளிக்கத் தொடங்கியதுமே இலங்கைக் குடிவரவுத் திணைக்களத்தில் நீட்டிப்புக்கு மனுச் செய்து, யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் தெரிவித்துவிடுவது விவேகம். நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து உண்பவர்கள், திரும்பும் தேதிக்கு மேல் இரண்டு வாரத்துக்கான மாத்திரைகளையும் மருத்துவரின் சீட்டையும் உடன் கொண்டுபோகவேண்டும். அவசரத்துக்கு மீன்பிடி படகில் வந்துவிடலாம் என்று யாரேனும் ஆசை காட்டினால் அதைக் காதிலும் வாங்கலாகாது. அது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து.

எங்கள் அம்மையார் கல்யாணத்தைக் காணவில்லை. 1915-இல் பதிவான புகாருக்குப் பிறகு, சில வாரங்களில் கப்பல் கட்டணத்தை மட்டும் முகவர் திருப்பிக் கொடுத்தார். விடுதி முன்பணமும் ரயில் பிடித்தமும் போனவை போனவைதான். 2025-ஆம் ஆண்டு சித்திரையில் காற்று தணிந்திருக்கும் நாள் பார்த்து மறுபடி சீட்டு எடுத்தபோது, ரயிலுக்கு இவ்வளவு, கப்பலுக்கு இவ்வளவு, விடுதிக்கு இவ்வளவு, முகவர் கூலி இவ்வளவு என்று நான்கு தொகைகளாகப் பிரித்து, ரத்தானால் எது திரும்பும் என்பதையும் முகவர் கையாலேயே எழுதி வாங்கி, அந்த ரசீதை நாலாக மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.